கடலோரத்தில் நான் படித்த பாடம், மலையில் நாம் செய்ய வேண்டிய வேலை



"சேருக்கு ஊர் எது?" என்று தோட்டத்தில் யாராவது கேட்டால், "கல்முனைப் பக்கம்" என்பேன். "அங்கே கடல் இருக்கு, மலையில்ல. எங்க பிரச்சினை ஒங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று ஒரு தலைவர் ஒருமுறை என்னிடம் நேராகவே கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மாதப் பத்திரிகையில் அந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பூகோளப் பாடம். பதுளைக்குக் கிழக்கே, நமது மலைகளில் பிறக்கிறது கல்லோயா. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தங்கி, அம்பாறை வயல்களுக்குப் பாய்ந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. இங்கே மலையில் பெய்கிற மழையில்தான் என் வாப்பா அங்கே வேளாண்மை செய்தார். ஒரே தண்ணீரின் மேல்முனையில் நீங்கள் இருக்கிறீர்கள், கீழ்முனையில் நாங்கள் இருக்கிறோம். அதனால் ஒருவர் பட்ட அடி மற்றவருக்குப் பாடமாக வேண்டும்.

கீழ்முனையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒலுவில் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அங்கே ஒரு துறைமுகம் வேண்டும் என்பது மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். எங்கள் ஊர்களில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வேலை வரும், கப்பல் வரும், சுனாமியில் விழுந்த ஊர் எழும்பும் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கப்பல் வரவில்லை. கடல்தான் வந்தது.

இது ஏன் என்று உங்களுக்கு விளக்குவது எனக்கு லேசு, ஏனென்றால் நீங்கள் மலையில் கான் வெட்டுகிறவர்கள். ஓடுகிற கானில் ஒரு பெரிய கல்லைப் போட்டால் என்ன நடக்கும்? கல்லுக்கு மேல்பக்கம் மண் வந்து நிரம்பும். கீழ்ப்பக்கம் மண் கிடைக்காத தண்ணீர் கரையை அரிக்கும். கடலோரமும் அப்படித்தான். அலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் கொடுத்துவிடும். அதற்குக் குறுக்கே அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியதும் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது. துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கே ஒலுவில் கரையையும் அதற்கப்பால் நிந்தவூர்ப் பக்கத்தையும் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோட்டம் போனது. கரைவலை இழுக்கிற இடம் போனது. தோணி ஏற்றி வைக்க மணல் இல்லாமல் போனது. பிறகு கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, கொட்டாத இடம் அரித்தது.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. வாய் அடைபட்டதால் படகுகள் வெளியே போக முடியவில்லை. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்து மீனவர்கள் "மணலைத் தோண்டு" என்று போராடினார்கள். ஒலுவில் மக்களோ "எங்கள் கரை அரிப்புக்கு முடிவு சொல்லாமல் தோண்டாதே" என்று போராடினார்கள். 2018இல் இந்த இழுபறி தெருவுக்கே வந்தது. இரண்டு பக்கமும் ஏழைகள், ஒரே பள்ளிவாசல் சொந்தங்கள், ஒரே கடலில் பிழைப்பவர்கள். இரண்டு பக்கத்துக் கோரிக்கையும் நியாயம்தான். திட்டம் போட்டவர்கள் எங்கோ இருக்க, அதனால் அடிபட்டவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். லயத்துக்கு லயம் தண்ணீர்ப் பீலிக்குச் சண்டை பிடித்துப் பார்த்த உங்களுக்கு இது புதிதல்ல.

இதில் எங்கள் மக்களின் பிழை என்ன? போராடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள், கொழும்புக்கும் போனார்கள். ஆனால் ஊர் முழுதாக எழும்பியபோது சுவர் கட்டி முடிந்திருந்தது. கட்டுவதற்கு முன்னால் நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். தேசிய சுற்றாடல் சட்டப்படி, பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தவணை உண்டு. அந்த 30 நாள் என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பட்டதாரியான எனக்கே தெரியாது. நல்லது வருகிறது என்று சொன்னால் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

மலையிலும் இதே கதைதான். உமாஓயா சுரங்கத்துக்குள் 2014 டிசெம்பரில் நீர் பெருக்கெடுத்த பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். அதற்குள் சுரங்கம் மலைக்குள் வெகுதூரம் போய்விட்டது. மீரியபெத்தையை நான் நினைவூட்டத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக் காகிதம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு "எங்களுக்குக் காணி எங்கே, வீடு எங்கே?" என்று விடாமல் கேட்கிற ஏற்பாடு இருக்கவில்லை.

இப்போது என் பிழையையும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், நான் சங்க வேலை பார்க்கிற ஒரு தோட்டத்தில் ஒரு அம்மாயி என்னைக் கூப்பிட்டார். "சேர், லயத்துக்குப் பின்னால மண்ணு வாய் பொளந்து கெடக்கு. கைய விட்டா உள்ள போவுது" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். "அடுத்த கூட்டத்தில பேசுவம் அம்மாயி" என்றேன். அடுத்த கூட்டம் முழுக்கச் சம்பளப் பேச்சு. அதற்கடுத்த கூட்டமும் அப்படியே. பிறகு மழை வந்தது. ஒரு இரவில் மூன்று வீட்டுக் குசினிச் சுவர் விழுந்தது. ஆட்கள் முன்வீட்டில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். மறுநாள் அம்மாயி என்னை ஏசவில்லை. "சேருக்கும் எத்தனையோ வேல" என்றார். ஏசியிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் மனதில் ஊறியதுதான் இந்தக் கட்டுரை. வெடித்த மண்ணும் அடைத்த கானும் நாறுகிற ஓடையும் சங்க வேலைதான். சம்பளம் முடிந்த பிறகு பார்க்கிற வேலை அல்ல.

"1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே ஆண்டுக் கணக்காகப் போராடி 2021இல்தான் வாங்கினோம். இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். ஆனால் கணக்குப் பாருங்கள். கெட்ட தண்ணீரால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் தாய்க்கு எத்தனை நாள் பேர் போகிறது? சுவர் விழுந்தால் எத்தனை மாதச் சம்பளம் கடனுக்குப் போகிறது? ஒரு கையால் வாங்கிய சம்பளத்தை மறுகையால் இழப்பதற்கா நாம் சங்கம் வைத்திருக்கிறோம்?

"தோட்டம் கம்பெனிக்காரனுடையது, பிரதேச சபைக்கு இங்கே என்ன வேலை?" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இது பழைய கதை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. நாம் ஓட்டுப் போட்டோம், சபை நம் லயத்துப் பாதையைத் தொடவில்லை. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. பாதை, தண்ணீர், குப்பை என்று நாம் இப்போது உரிமையோடு கேட்கலாம். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு லயம் லயமாக வந்தவர்களின் முகம் நமக்கு மறந்துபோகவில்லை. அவர்களுக்கும் நம் முகம் மறக்கக்கூடாது.

குப்பை விஷயத்தில் கேட்பதோடு நம் கையும் சேர வேண்டும். என் பகுதியில் பள்ளக்காடு என்ற இடத்தில் பல ஊர்க் குப்பையைக் கொட்டுகிறார்கள். காட்டு யானைகள் வந்து அதைத் தின்கின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. யானையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் நம் வீட்டு ஷொப்பிங் பேக், சாப்பாடு சுற்றுகிற லஞ்ச் ஷீட். வாப்பாமார் வேளாண்மை செய்த ஊரில் பிள்ளைகள் யானைக்கு நஞ்சு வைத்தது போலத்தான் இது. இங்கே யானை இல்லை. ஆனால் மேல் லயத்துக்காரர் ஓடையில் போடுகிற பேக்கும் பம்பர்ஸும் கீழ் லயத்துக்காரர் குடிக்கிற தண்ணீருக்குள் போகின்றன. கீழ் லயத்துக்காரர் யார்? பெரும்பாலும் நம் சம்பந்திதான்.

இனி, என்ன செய்வது? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கைத் தொடங்கினால் போதும்.

ஒன்று, ஒரு கொப்பி. தோட்டக் கமிட்டியில் ஒரு ஒற்றை ரூல் கொப்பி வையுங்கள். மண் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, அடைத்த கான் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரு முளை அடித்து, வாரத்துக்கு ஒருமுறை நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். மலைக்குப் போகிற பெண்கள்தான் இதை முதலில் காண்கிறவர்கள். ஆகவே கொப்பி ஒரு தலைவியின் கையில் இருக்கட்டும். எழுதக் கூச்சமாக இருந்தால் எட்டாம் ஆண்டுப் பிள்ளை எழுதும். வெடிப்பு விரிகிறது என்று கண்டால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழை விடாமல் பெய்தால் அந்த லயத்தில் இரவு படுக்க வேண்டாம்.

இரண்டு, ஒரு கடிதம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு ஒரு நல்ல கத்தி. பிரதேச சபை, பிரதேச செயலகம், அரச திணைக்களம் எதுவானாலும் அங்கே தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். "எங்கள் லயம் ஆபத்தான இடமா? அறிக்கை இருந்தால் பிரதி தாருங்கள்" என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதே சட்டம், பெரிய திட்டங்களைப் பற்றி வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2008இல் எங்கள் ஊருக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

மூன்று, சபைக்கு ஒரு பயணம். இரண்டு மூன்று பேராகப் போய்க் கெஞ்சாதீர்கள். மேல் லயம், கீழ் லயம், வேறு சங்கத்தார், பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் எல்லோருமாக ஒரே மனுவில் கையொப்பம் வையுங்கள். ஓடைக்குச் சங்கம் கிடையாது, சாதி கிடையாது. ஒலுவிலில் படகுக்காரரும் கரைக்காரரும் முதல் நாளே ஒரு பாயில் உட்கார்ந்து, "வாயையும் தோண்டு, தோண்டுகிற மணலை அரித்த கரையிலும் போடு" என்று ஒரே குரலில் கேட்டிருந்தால் அவர்களைப் பிரித்துவைக்க யாராலும் முடிந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

நான்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு. கானும் ஓடையும் துப்புரவு செய்ய ஒரு காலை மட்டும். சபை செய்ய வேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்து கொடுப்பதற்கு அல்ல. சேர்ந்த குப்பையைச் சாக்கில் கட்டி, பாதையோரத்தில் அடுக்கி, "டிரக்டரை அனுப்புங்கள்" என்று தவிசாளருக்கு அன்றைக்கே அறிவிப்பதற்கு. நம் பங்கை நாம் செய்துவிட்டுக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

"துரை கோவிப்பாரே" என்று ஒரு பயம் உங்களுக்கு இருக்கும். கொப்பி எழுதுவது குற்றமல்ல. மழைக்காலத்தில் உயிர்ச்சேதம் வந்தால் நிர்வாகமும்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதிய கொப்பியின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்து, வாங்கியதற்குக் கையொப்பம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாள் போனால் கோபம் வரும். கமிட்டியாகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

அந்தத் தலைவருக்கு என் பதில் இதுதான்: அண்ணே, எனக்கு மலை தெரியாது, உண்மைதான். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒலுவில் கடற்கரையில் ஒரு மாலை நடந்து பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் போதும். சம்பளப் பேச்சுக்கு முன்னால் அதை வாசிப்போம். முதல் கொப்பியை நானே வாங்கி அம்மாயியின் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் எழுதிய முதல் வரி: "பின்பக்க வெடிப்பு, நான்கு விரல்."