காங்கேசன்துறையின் கல்லும் நீரும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை மீண்டும் இயக்க வேண்டும் என்ற குரல் வடக்கில் ஓய்ந்தபாடில்லை. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரினால் மூடுண்ட ஆலை அது. தோட்டமும் அரசாங்க உத்தியோகமுமே கதியென்றிருந்த குடாநாட்டிலே, நாற்பது வருடங்கள் பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்த இடம். ஆகையால் அக்குரலிலுள்ள ஏக்கம் எனக்கு விளங்குகின்றது. 2025இல் அரசாங்கம் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களிற் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தபின் இப்பேச்சு மேலும் வலுத்திருக்கின்றது.

ஆனால், எதனை மீட்கப் போகின்றோம்?

அக்காலத்திற் களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. சுண்ணாம்புக்கல்லோ காலடியிலேயே கிடைத்தது. ஒரு தொன் கிளிங்கரைச் சுட்டெடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கல் வேண்டும். அது வெறும் கல்லன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மாரி மழையை உறிஞ்சி வைத்திருந்து கிணறுகளுக்கு வழங்கும் பாத்திரமே அக்கல்தான். அதனுள்ளே நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து கிடக்கின்றது. கரையோரத்தில் ஆழத் தோண்டினால் உவர் ஏறுவதற்கு நாமே வழி திறந்துவிடுகின்றோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவது அந்நன்னீரினாலன்றோ? ஒரு தொழிலை எழுப்புவதற்கு இன்னொரு தொழிலின் ஊற்றைக் கெடுப்பது என்ன கணக்கு?

கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைக்கலாமே என்பர் சிலர். அரைக்கலாம், கல்லுக்கு ஆபத்தில்லை. எனினும் இக்கால அரைவை ஆலை, பழைய ஆலையைப்போல் ஆட்களை வேண்டி நிற்பதன்று.

இன்று அவ்விடத்தின் செல்வம் நிலத்தின் அடியில் இல்லை, அயலில் இருக்கின்றது என்பதே என் எண்ணம். அருகே துறைமுகம்; 2015இல் மீண்டும் வந்த புகையிரதம்; 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி; 2023இல் நாகபட்டினத்துக்குத் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவை. இத்தகைய சந்தியில் மீனையும் மரக்கறியையும் பதனிட்டு ஏற்றும் நிலையங்களும், படகு கட்டித் திருத்தும் பட்டறைகளும் அதிக கைகளுக்கு வேலை தரும். அவையும் தண்ணீர் கேட்குந்தான். கழிவுநீரைச் சுத்திகரியாது நிலத்தில் விட இடமளித்தால், மேற்சொன்ன கேடு வேறு வாசலால் நுழையும்.

இன்னொன்று. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோருள் தம் காணி இன்னும் திரும்பக் கிடையாதோர் உளர். வலயத்துக்கு எல்லை வரைபவர்கள் முதலில் அவர்களுடைய உறுதிகளை வாங்கிப் பார்க்கட்டும். வேலைக்கு ஆள் சேர்க்கும் பெயர்ப்பட்டியலும் அவர்களுடைய வீடுகளிலிருந்தே தொடங்கட்டும்.