பூனைத் தவமும் கடல் அலையும்

வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் சென்னைக் குடும்பங்கள் செய்கிற முதல் காரியம் காபி கொடுப்பது. இரண்டாவது காரியம் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவது. விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகளுக்காக நாங்களும் அந்தக் கடமையைச் செய்துவிட்டு வந்தோம். அம்மா, நான், எட்டு வயது வாண்டு, ஆக மூன்றே பேர். போன இடத்தில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிரயாணத்துக்கு உதவும்.

அம்மாவின் பிடிவாதத்தால் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் இருக்கும். வழியில் திருக்கழுக்குன்றம் வருகிறது அல்லவா? உச்சிவேளையில் கழுகுகள் வந்து பிரசாதம் உண்ட காட்சி இப்போது இல்லை. அவை வருவது நின்று பல வருஷங்கள் ஆகின்றன. இருந்தாலும் அம்மா பஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி பஸ்ஸில் வருகிறவர்கள், வண்டி ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வெளிச் சாலையில் இறக்கிவிட்டால், கார்கள் பறக்கும் அந்தச் சாலையைக் குழந்தையோடு கடக்க வேண்டியிருக்கும். கையைப் பிடித்தால் போதாது, மணிக்கட்டைப் பிடியுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் எங்கெங்கே போக வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள்.

சிற்பங்களைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட்தான். முதல் இடத்தில் வாங்கியதைக் கசக்கி எறிந்துவிட்டு அடுத்த இடத்தில் மறுபடி காசு கொடுக்காதீர்கள். கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை நிற்கும் சரிவு, பல தலைமுறைக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி வழவழத்துப் போயிருக்கிறது. மழை பெய்திருந்தால் பெரியவர்கள் அதில் ஏறவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எங்கள் வாண்டுக்குப் பிடித்தது அர்ஜுனன் தபசுதான். ஏறக்குறைய தொண்ணூறு அடி நீளப் பாறை. அதில் யானைக் காலடியில் குட்டிகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். பெரிய யானைக்குப் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, எலும்பு தெரிய ஒரு பூனை தவம் செய்கிறது! அதை நம்பி எலிகள் பக்கத்திலேயே விளையாடுகின்றன.

“அந்தப் பூனை நல்ல பூனையா சித்தி?”

“எலியைக் கேட்டால் தெரியும். நாளைக்கு எலி இருந்தால்!”

அந்தச் சமயம் ஒருவர் எங்களிடம் வந்தார். மிகவும் பணிவு. காசே வேண்டாம், சும்மா காட்டுகிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் ஒரு சிற்பக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கல் பிள்ளையார் ஒன்றை வாங்காமல் வெளியே வருவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டிகளிடம் அடையாள அட்டை உண்டு. அதைப் பார்த்து, கட்டணம் பேசிய பிறகு கூட நடங்கள்.

இதெல்லாம் போனால் பணத்தோடு போகும். மாலையில் கடற்கரையில் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

கணுக்கால் தண்ணீரில்தான் நின்றோம். ஓர் அலை வாண்டின் ஒரு செருப்பைக் கொண்டுபோயிற்று. நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், குழந்தை செருப்பைத் துரத்திக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போய்விட்டாள். அலை திரும்பியது. காலடி மணல் அரிக்க, தொப்பென்று விழுந்தாள். சோழி மாலை விற்கும் ஓர் அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, பாவாடையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

“அலை அடிக்கிற எடம் தெரிஞ்சே மெரட்டுதும்மா. கம்முனு கெடக்குதே, அந்த எடந்தான் இழுத்துக்கினு போவும்” என்றாள் அவள்.

அவள் சொன்னது சத்தியம். கரைக்கு வந்த தண்ணீர் எங்கேயாவது திரும்பித்தானே ஆக வேண்டும்? குறுகலான ஒரு வழியில் அது வேகமாகத் திரும்புகிறது. அங்கே அலை குறைவாக உடைவதால், குளிக்க நல்ல இடம் போலத் தோன்றும். காலையில் பார்த்த பூனையேதான்!

அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, தெம்பு தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள். கரையில் நிற்பவர் பதறிக் குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுண்டு. நனைந்த புடவை காலைச் சுற்றி விலங்கு மாட்டிவிடும். மிதக்கக்கூடிய காலி கேனை எறிந்து, மீனவர்களைக் கூப்பிடுங்கள். 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. பின்னாலேயே சுனாமி வந்தது. கடல் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலேயே குழந்தைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள்: செருப்போ, பந்தோ, தொப்பியோ, கடல் எடுத்தால் கடலுக்கே.

திரும்பும்போது பஸ்ஸில், மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாண்டு விசும்பினாள். அம்மா அதை வாங்கிப் பையில் போட்டாள்.

“அழாதேடி கண்ணு. செருப்புத் தொலைஞ்சா பீடை தொலைஞ்சதுன்னு அர்த்தம். நாளைக்குப் புதுசு வாங்கலாம்” என்றாள். சொல்லிவிட்டு, செங்கல்பட்டு வரும்வரை குழந்தையின் மணிக்கட்டை அவள் விடவே இல்லை.