மூன்று சீட்டுகளும் ஒரு க்யூடியும்

156 கூட்டு மருந்துகளைத் (எஃப்டிசி) தடைசெய்து மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 12 தேதியிட்டு வெளியிட்ட அறிவிக்கையை இந்த இதழ் தயக்கமின்றி வரவேற்கிறது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுக்கு வந்த தடை, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விவகாரத்தை மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் மறு ஆய்வுக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை திரும்பி வந்தது. அந்த இழுபறியைப் பார்த்தவர்களுக்கு, மருந்தைத் தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு 26ஏ இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே ஒரு செய்திதான்.

பட்டியலைப் படித்துவிட்டுக் கடை அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். பான்டோப்ரசோல் 40, டாம்பெரிடோன் 30 எஸ்ஆர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊருக்கு அது 'கேஸ் மாத்திரை'. ஏப்பம், வயிற்று உப்புசம், நெஞ்சுக் கரிப்பு, கல்யாணச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதுதான். ஐரோப்பிய மருந்து முகமை 2014-இலேயே டாம்பெரிடோனுக்கு வரம்பு கட்டிவிட்டது: குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், நாளொன்றுக்கு 30 மி.கி.க்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். உப்புசமும் நெஞ்சுக் கரிப்பும் பயன்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரிட்டனில் அதே ஆண்டு செப்டம்பர் முதல் சீட்டில்லாமல் வாங்க முடியாது. நம் எஸ்ஆர் மாத்திரை அளவில் அந்த வரம்பைத் தொட்டு நிற்கிறது. கால அளவில்தான் வரம்பே இல்லை. மூன்று ஆண்டுகளாக தினமும் காலையில் வெறும் வயிற்றில் அதைப் போடுபவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

இதையும் தடைசெய் என்று இந்த உரை கேட்கவில்லை. வாந்தியால் துவண்டவருக்கு நான்கு நாள் டாம்பெரிடோன் நல்ல மருந்து. கேள்வி வேறு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு வேதிப்பொருள் இருந்தால்தான் அது கூட்டு மருந்து என்று சட்டம் நினைக்கிறது. நோயாளியின் மாத்திரைப் பைக்குள் இதயம், வயிறு, மனம் என்று நாம் மூன்று துறை மருத்துவர்கள் சேர்ந்து தயாரிக்கும் கூட்டு மருந்துக்கு உரிமம் கொடுத்தவர் யார்? அதை ஆய்வு செய்த குழு எது?

படபடப்பு, வயிறு, பயம் மூன்றும் சேர்ந்த நோயாளியை விவரிக்கவே தேவையில்லை. அறுபதைக் கடந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். எஸ்விடி என்ற திடீர்த் துடிப்புக் கோளாறுக்காக இதய மருத்துவர் டில்டியாசெம் கொடுத்திருக்கிறார். குடல் மருத்துவர் பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பியும் (பிபிஐ) டாம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரையை எழுதுகிறார். ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் செத்துவிடுவேனோ என்று எழுந்து உட்காருபவருக்கு மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் தொடங்குகிறார். ஒவ்வொரு சீட்டையும் தனியே எடுத்துப் பாருங்கள், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சேர்த்துப் பாருங்கள். டாம்பெரிடோன், எஸ்சிட்டலோபிராம் இரண்டுமே ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டும். டாம்பெரிடோனைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை டில்டியாசெம் மட்டுப்படுத்துவதால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். பிபிஐ ஓர் ஆண்டைத் தாண்டும்போது மக்னீசியம் இறங்கலாம். அமெரிக்க எஃப்டிஏ 2011 மார்ச்சிலேயே எச்சரித்த விஷயம் இது. பான்டோப்ரசோலுக்குப் பதில் ஒமெப்ரசோல் என்றால் சிஒய்பி2சி19 வழியாக எஸ்சிட்டலோபிராமும் கூடும். சிட்டலோபிராமை அறுபது வயதுக்கு மேல் 20 மி.கி.க்குள் நிறுத்த எஃப்டிஏ சொன்னதும், அறுபத்தைந்துக்கு மேல் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. போதும் என்று பிரிட்டன் சொன்னதும் க்யூடியைக் கணக்கிட்டுத்தான். இந்த நிலையில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்து பொட்டாசியம் இறங்கி, தெருமுனை கிளினிக்கில் ஆன்டன்செட்ரான் ஊசியும் போட்டுவிட்டால் கூட்டு முழுமையடைகிறது. எச்.பைலோரிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதினாலும் கதை அதேதான்.

க்யூடி நீண்டு வரும் டோர்சாட்ஸ் என்ற ஆபத்தான துடிப்புக் கோளாறு அரிதானது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம், இந்த நோயாளிகள் ஏற்கெனவே பயத்தில் இருப்பவர்கள். 'இந்த மாத்திரை இதயத்தை நிறுத்திவிடும்' என்று கேட்டால் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். பிபிஐயை நிறுத்தியதும் அமிலம் பொங்கும், எஸ்சிட்டலோபிராமை நிறுத்தியதும் தலைசுற்றும், நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். இன்னொரு தொல்லை நம் ஈசிஜி இயந்திரங்கள். பல இயந்திரங்கள் அச்சடிக்கும் க்யூடிசி பாசெட் சூத்திரப்படி வருவது. பதற்றத்தில் நாடி 110 ஓடும்போது க்யூடி 340 மில்லிவினாடி என்றால் பாசெட் 460 காட்டும், ஃப்ரிடெரிசியா 416தான் தரும். அச்சில் வந்த எண்ணைக் காட்டிப் பதற்ற நோயாளியைப் பயமுறுத்துவதைவிட, பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுப்பது நல்லது. க்யூடிசி 500-ஐத் தாண்டினால் பேச்சில்லை, அதை நீட்டும் மருந்தை நிறுத்துங்கள்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு, அது நம்மிடையே அதிகம். படபடப்பு என்று வந்தவரை 'கேஸ்தான்', 'டென்ஷன்தான்' என்று அனுப்பிவிடுவது. லெஸ்மயர் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் பிஎஸ்விடி (விட்டுவிட்டு வரும் எஸ்விடி) நோயாளிகள் 107 பேர். அவர்களில் 67 சதவீதம் பேர் பீதி நோய்க்கான டிஎஸ்எம் அளவுகோலுக்குள் வந்தார்கள். 55 சதவீதம் பேரின் துடிப்புக் கோளாறு முதல் பரிசோதனையில் பிடிபடவில்லை. பிடிபட இடைநிலையாக 3.3 ஆண்டுகள் ஆயின. தவறிப்போனவர்களில், அறிகுறிகளை மனம் சார்ந்தவை என்று ஒதுக்கியது பெண்களிடம்தான் அதிகம். திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கிறதா, கழுத்தில் துடிப்பு தெரிகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. ஏப்பம் விட்டதும் சரியானது என்றால்கூட அதை வைத்து எஸ்விடியை விலக்க முடியாது. ஏப்பத்தின்போது ஏறும் வேகஸ் தூண்டலே அதை நிறுத்தியிருக்கலாம்.

இனி, இந்த இதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் மறுபடியும் அட்டையைப் பிடித்துக்கொண்டாரே என்று சிலர் பக்கத்தைப் புரட்டலாம். புரட்டட்டும்.

அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் மாத்திரை அட்டையில் அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒரு சொல்கூட இல்லை. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில். சீட்டின்றி விற்கக் கூடாது என்ற ஷெட்யூல் எச் எச்சரிக்கை ஆங்கிலத்தில். பல அட்டைகளில் பெயர் இந்தியிலும் அச்சாகிறது. அப்படியானால் இன்னொரு மொழிக்கு இடமில்லை என்ற வாதம் செல்லாது. 'இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்' என்ற ஒரு வரி தமிழில் இருந்தால் அந்தப் பெண்ணோ, அவருடைய மகளோ, கடையில் நிற்கும் பையனோ யாராவது ஒருவர் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லவும் முடியாது. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துப் பிராண்டுகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் உற்பத்தியாளர் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் வரும். போலி மருந்தைப் பிடிக்க அது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு தகவலை ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடைக்க உத்தரவிட்டவர்களுக்கு, யார் இதைச் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்க்கத் தோன்றவில்லையே! தொழிற்சாலையின் முகவரி தெரிந்து அந்தப் பெண் என்ன செய்வார்?

இதைவிடக் கசப்பானது ஒன்று. மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் பக்கவிளைவுப் புகார்ப் படிவம் பொதுமக்களுக்காகத் தமிழில் கிடைக்கிறது. நல்ல காரியம். அதாவது, பாதிப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்று தமிழில் கேட்க அரசுக்குத் தெரிந்திருக்கிறது. வருவதற்கு முன் தமிழில் சொல்ல மட்டும் தெரியவில்லை. க்யூடியை நீட்டிய சிசாப்ரைடை நினைவிருக்கிறதா? அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000-இல் போய்விட்ட அந்த வயிற்று மருந்துக்கு இங்கே தடை வந்தது 2011 பிப்ரவரியில். நடுவில் பத்து ஆண்டுகள் அதை எழுதியவர்கள் நாம், விழுங்கியவர்கள் நம் நோயாளிகள், அட்டையில் ஆங்கிலம். கோப்பு நகரும் வேகத்தை மாற்ற நம்மால் ஆகாது. அட்டையில் ஒரு வரி சேர்ப்பது அதைவிட எளிது. இருந்தும் நடக்கவில்லை என்றால், படிக்கத் தெரியாத நோயாளி யாருக்கும் தொல்லை கொடுப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாநில அரசிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டு வாசலுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோகிறது. அந்த வாசலில் நிற்கும் பெண் தன்னார்வலரைப் போல நோயாளியின் முழு மாத்திரைப் பையையும் பார்க்கும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் இல்லை. 'தனியாரிடம் வாங்கும் மற்ற மாத்திரைகள்' என்று ஒரு கட்டத்தை அவருடைய பதிவேட்டில் சேர்த்து, அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அதுவரை வேலை நம்முடையது. வயிற்று மருந்து எழுதும்போது மன மருந்து என்ன என்று கேளுங்கள், மன மருந்து எழுதும்போது வயிற்று மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சேர்த்து எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் தொடங்கும் முன்பும் பின்பும் ஒரு ஈசிஜி, பொட்டாசியம், மக்னீசியம். பதற்றத்துக்கு செர்ட்ரலின் பொருந்துமா என்று மனநல மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். அரிசோனாவிலிருந்து இயங்கும் கிரெடிபிள்மெட்ஸ் பட்டியல் இணையத்தில் இலவசம். டாம்பெரிடோன், எஸ்சிட்டலோபிராம், ஆன்டன்செட்ரான், கிளாரித்ரோமைசின் நான்கும் அதில் உறுதியான ஆபத்து என்ற பிரிவில் இருக்கின்றன. மருந்தாளுநர் நண்பர்களே, சீட்டில்லாமல் 'கேஸ் மாத்திரை ஒரு அட்டை' என்று கேட்பவரிடம் இதயத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள், அட்டையைச் சீட்டு கொண்டுவந்த பின் கொடுங்கள். க்யூடி நீண்ட நோயாளி ஒருவரைப் பார்த்தால் சக மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறந்துவிடாதீர்கள், புகாராகப் பதிவு செய்யுங்கள். கணக்கில் ஏறாத பாதிப்பை எந்தக் குழுவும் பார்க்கப் போவதில்லை. மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.