சுவருக்குள் கிடக்கும் இணைப்புகள்

நீர்ச்சிக்கனக் குழாய்ச் சாதனங்களுக்கென 2021இல் வெளிவந்த ஐ.எஸ். 17650, அதையடுத்து 2022இல் மத்திய அரசு அறிவித்த 'பாரத் டேப்' முயற்சி, 2024 மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம் வணிக நிலையங்களிலும் அடுக்ககங்களிலும் நீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கிய உத்தரவு ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குமிடத்து, இதே நிர்ப்பந்தம் நம் ஊர்களுக்கும் வந்து சேர நெடுநாள் ஆகாது என்று தோன்றுவதால், இப்பத்திரிகை தன் அபிப்பிராயத்தை இப்போதே தெரிவித்துவிடுவது அவசியமாகிறது. நீர்ச்சிக்கனத்தை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். மூக்கில் மரையுள்ள குழாய்க்கு ஏரேட்டரைத் திருகி மாட்டுவதில் யாருக்கும் சிரமமில்லை.

மரையில்லாத பழைய லாங் பாடி பிப் காக்கையும், பாகங்கள் கிடைக்காத பழைய வால் மிக்சரையும் முழுவதுமாகக் கழற்றியே தீரவேண்டும் என்பதும், அவற்றைக் கழற்றுவது பெரும்பாலான வீடுகளில் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஓர் எல்போவோடு மல்லுக்கு நிற்பது என்பதுமே நம் கவலைக்குரிய விஷயம். வெளியே ஓடும் குழாயானால் ஒரு ரெஞ்சால் எல்போவைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் குழாயைத் திருகுவோம். கன்சீல்டு வேலையில் அந்த இரண்டாவது ரெஞ்சுக்கு இடமில்லாததால், திருகும் விசை முழுவதும் புதைந்த எல்போவின் மீதே விழுகிறது. ஜி.ஐ. ஆனால் பித்தளையும் துத்தநாகமும் பல வருஷம் ஈரத்தில் ஒட்டியிருந்து அரித்த மரை உள்ளேயே முறிந்து நின்றுவிடும், சி.பி.வி.சி. ஆனால் பித்தளை மரை தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுழன்று மயிரிழை விரிசலை உண்டாக்கும். அந்த விரிசலின் ஈரமோ அன்றே தெரியாமல், சில வாரங்கள் கழித்து அடுத்த அறைச் சுவரில் பூத்து நிற்கும். டைல்ஸின் கனத்தைக் கணக்கிடாமல் எல்போவை ஆழத்தில் பதித்தவன் செய்த பிழையை மறைக்க எக்ஸ்டென்ஷன் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகும் வழக்கத்தையும் நாம் அறிவோம். ஒவ்வொரு துண்டும் ஒழுகுவதற்கு இன்னோர் இடம்.

குழாய்கள் பரிசோதிக்கவும் பழுதுபார்க்கவும் மாற்றவும் எட்டும்படி அமைய வேண்டும், சுவரில் புதைப்பது தவிர்க்க முடியாதபோது குறுகிய தூரத்திற்கே, அதிலும் இணைப்புகள் புதையாதவாறு அமைய வேண்டும் என்னும் கருத்து ஐ.எஸ். 2065இலேயே உண்டு. நாற்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கும் இந்த விதியை எந்தக் கட்டட அனுமதி அலுவலகம் வரைபடத்தில் தேடிப் பார்த்தது, எந்த நிறைவுச் சான்றிதழ் இதன் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. சேஸிங் வெட்டிக் குழாயைப் பதித்து, அழுத்தச் சோதனையும் செய்யாமல் மறுநாளே பூசி மறைக்கும் வேலையைக் கண்டும் காணாதிருந்தவர்கள், இன்று குழாயின் வாயில் நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று அளந்து பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். சுவருக்குள் இரவு பகலாகக் கசியும் நீருக்கு அந்த அளவையில் இடமே இல்லை. சுவர் நனைந்தால் பழி யார் தலையில் விழுகிறது? உத்தரவிட்டவர் தலையிலா, மறைத்துக் கட்டியவர் தலையிலா? கடைசியாக ரெஞ்சைப் பிடித்த குழாய்ப் பணியாளன் தலையில்தான். கூலியை இழப்பவனும் உடைந்த டைல்ஸுக்கு விலை கொடுப்பவனும் அவனே.

இப்பத்திரிகை வெளியாகும் நெய்வேலியில் இதைச் சொல்வதற்குப் பிரத்தியேகக் காரணமும் உண்டு. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி உந்தும் ஊற்று நீரின் அழுத்தத்தை ஓயாமல் பம்பு வைத்துத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை நில்லாத ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத அந்த நீரின் மட்டத்தைக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும் சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டுகிறவர்களின் குளியலறைச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. மொட்டை மாடியில் ஒரே ஒரு கேட் வால்வு. அதை மூடினால் சமையலறையும் வறண்டுபோகும்.

ஆகவே குழாயை மாற்றச் சொல்லும் எந்த உத்தரவும், ஒவ்வொரு குளியலறைக்கும் தனி ஸ்டாப் காக், பூச்சுக்கு முன் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் சோதனை, அளவு நாடாவை வைத்து எடுத்த சுவரின் புகைப்படம், டைவர்ட்டருக்குப் பின்புறம் திறந்து பார்க்கும் கதவு ஆகியவற்றைப் புதுக் கட்டடங்களுக்கு நிபந்தனையாக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவரைத் திறக்கும் செலவு யாருடையது என்பதையும் அவ்வுத்தரவே எழுத்தில் சொல்ல வேண்டும். அது வரும்வரை நம் வாசகர்களான குழாய்ப் பணியாளர்கள், புதைந்த எல்போ பழையதாயின் அதையும் சேர்த்து மாற்றுவதற்கு வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளாமல் ரெஞ்சை எடுக்க வேண்டாம்.