24 பெரிதா, 18 பெரிதா?

'பாக்கெட் உணவுல 24 சதவிகிதம் புரதம்னு போட்டிருக்கு. பச்சைக் கோழிக்கறியில 18தான்னு கூகுள் சொல்லுது. அப்போ கறியைவிட பாக்கெட்தானே சத்து?' நாய் வளர்ப்பவர்கள் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. இரண்டு எண்களும் சரிதான். அவற்றை அப்படியே ஒப்பிடுவதுதான் சரியில்லை.

விஷயம் தண்ணீரில் இருக்கிறது. உலர் உணவில் ஈரம் சுமார் 10 சதவிகிதம்தான். தோலுடன் உள்ள கோழிக்கறியிலோ ஏறக்குறைய 66 சதவிகிதம் தண்ணீர். அதைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதில் எவ்வளவு புரதம் என்று பார்க்க வேண்டும். போனில் கால்குலேட்டரைத் திறங்கள். பாக்கெட்டுக்கு 24-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், சுமார் 27. கறிக்கு 18-ஐ 34-ஆல் வகுத்துப் பெருக்கினால், சுமார் 53. கிட்டத்தட்ட இரு மடங்கு! (அதே கறியை வேகவைத்தால் சதவிகிதம் இன்னும் ஏறும். புரதம் கூடிவிடவில்லை, தண்ணீர் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான்.)

உடனே பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் 'ஆஃப்கோ' அமைப்பு வகுத்த அளவுப்படி, இதே தண்ணீர் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவிகிதமும், குட்டிகளுக்கு 22.5 சதவிகிதமும் புரதம் இருந்தால் போதும். 27 தாராளம்.

பாக்கெட்டில் 'குரூட் புரோட்டீன்' என்று போட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அது இறைச்சியிலிருந்து வந்ததா, கோதுமையிலிருந்தா, எவ்வளவு செரிக்கும் என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. 2007-ல் அமெரிக்காவில் ஏராளமான செல்லப்பிராணி உணவுகள் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் அதிகமுள்ள மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். பரிசோதனையில் புரதம் கூடுதலாகத் தெரிந்தது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. அதனால், எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் பொருள் பட்டியலில் முதல் இரண்டு மூன்று பெயர்களையும் படியுங்கள். எடையில் அதிகமுள்ளதுதான் முதலில் வரும்.

பச்சைக்கறியில் எனக்குப் பெரிய கவலை புரதம் அல்ல, கால்சியம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்று வளரும் குட்டி புசுபுசுவென்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எலும்பு வலுவிழந்து, கால் வளையும். லேப்ரடார் மாதிரி வேகமாக வளரும் இனங்களில் இன்னும் கவனம் தேவை. அதற்காக வெந்த எலும்பைப் போடாதீர்கள். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பச்சைக்கறியில் சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம். ஃப்ரீஸரில் வைத்தால் அது சாகாது. நாய் நக்கும் கையோடு தவழும் குழந்தையோ, வயதான பாட்டியோ வீட்டில் இருந்தால், என் ஓட்டு வேகவைத்த கறிக்குத்தான். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் வேண்டாம். தினசரி உணவு பாக்கெட்டாக இருந்தால், கறி அதில் பத்தில் ஒரு பங்கு கலோரியைத் தாண்ட வேண்டாம்.

முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால், கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ள நாயாக இருந்தால், புரத அளவையும் அவரே சொல்லட்டும்.