முல்லையாற்று உரிமையும் ஊருணித் தூய்மையும்

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயிலில் திரளும் மக்கள் முதலில் இறங்குமிடம் முல்லையாறு. ஆற்றில் மூழ்கி, ஈர உடையோடு தீச்சட்டி ஏந்திக் கோயிலை நோக்கி நடக்கின்றனர். அவர்கள் மூழ்கும் நீர் எத்தகையது? வீரபாண்டிக்கு மேலே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வூர்களின் சாக்கடை நீர் தூய்மை செய்யப்பெறாமலே பல இடங்களில் அதே ஆற்றில் வந்து கலக்கின்றது. தாயென்று வணங்குவதும் அந்த ஆற்றையே. கழிவைக் கொட்டுவதும் அந்த ஆற்றிலேயே. இம்முரண்பாட்டைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் மக்களுக்கு நீரின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேற்கே ஓடிக் கடலில் வீழ்ந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய பென்னிக்குயிக்கின் அணை 1895-இல் நிறைவுற்றது. அந்நீரால் இலோயர் கேம்பு முதல் பழனிசெட்டிப்பட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதனை 142 அடிக்கு உயர்த்தும் உரிமையை உச்ச முறைமன்றம் 2006-இலும், மீண்டும் 2014 மே 7-இலும் உறுதிசெய்தது. இடையே 2011 திசம்பரில் ஊர் ஊராக மக்கள் எழுந்து குமுளி நோக்கி நடந்தனர். கட்சி பாராது, சாதி பாராது, ஆணும் பெண்ணும் தெருவில் இறங்கிய அவ்வெழுச்சி தமிழ்நாட்டு வரலாற்றில் நிலைத்து நிற்கும்.

ஆனால், அடிக்கணக்கில் கேட்டுப் பெற்ற நீர் எல்லையைத் தாண்டி வந்தபின் அதனைச் செய்வதென்ன? குமுளி மலையில் மாசு குறைந்து இறங்கும் நீர் தேனியை எட்டுமுன் கலங்கிக் கறுக்கின்றது. இதனைச் செய்தவன் அயலான் அல்லன். முல்லையாறு வைகையோடு கூடி, 1959-இல் எழுந்த வைகை அணையில் தேங்கி, மதுரை மக்களின் குடிநீராகின்றது. மேலூரான் கழித்ததைக் கீழூரான் குடிக்கின்றான், இருவரும் தமிழரே. நீரின் அளவுக்குப் போராடிய இனம் நீரின் தரத்துக்குப் போராடவில்லை என்பதே கசப்பான உண்மை.

முன்னோர் இவ்வாறு வாழ்ந்தவரல்லர் என்பதற்குச் சொற்களே சான்று. ஏர்த்தொழிலுக்கு நீர் தருவது ஏரி. ஊரார் உண்ணும் நீரைத் தாங்குவது ஊருணி. பாண்டிநாட்டில் ஏரியைக் கண்மாய் என்பர். கண்மாயில் மாடு குளிக்கும். ஊருணியில் கால் வைக்கவும் கூசுவர். நீரை அதன் பயன் நோக்கிப் பகுத்துப் பெயரிட்ட மொழி இது. எந்நீர் எதற்குத் தகும் என்று இன்றைய அறிவியல் வகுத்துள்ள தரப்பாகுபாட்டை ஊருணி என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே தமிழன் அடக்கி வைத்திருந்தான்.

பரிபாடலின் வையைப் பாடல்களுள் ஒன்று மற்றொரு செய்தியையும் தருகின்றது. ஆடவரும் மகளிரும் பூசிய மணப்பொருள் கலந்தமையால் அந்தணர் ஆற்றில் நீராடவில்லையாம். தேன் கலந்து நீர் வழுவழுப்புற்றது என்று வாய்கழுவவும் மறுத்தனராம். தேனும் சாந்தும் கலந்ததையே குறையென்று பேசிய ஆறு அது. இன்று கலப்பவற்றை ஏட்டில் எழுதவும் கை கூசும்.

ஊருணியின் பெருமையைப் பேசுவோர் அதன் சிறுமையையும் மறைத்தல் ஆகாது. தூய்மை என்னும் பெயரால் உழைக்கும் மக்களில் ஒரு பகுதியினரை அதன் படித்துறையில் இறங்கவிடாமல் தடுத்த கொடுமை பல ஊர்களில் இருந்தது. மாந்தன் தொட்டதனால் நீர் கெட்டதில்லை. அவனைத் தீட்டென்று விலக்கியோர், சாக்கடைக் குழாயை நீரில் திறந்துவிட்டபோது வாய் திறக்கவில்லை. பழைய நீர்ப்பண்பாட்டை மீட்க வேண்டும். பழைய சாதித்துறைகளை அன்று.

கண்மாய் கெடும் முறையை அறிதல் நன்று. சாக்கடையில் தழையூட்டமும் மணியூட்டமும் மிகுதி. வயலுக்கு உரமாகும் அவையே குளத்துக்கு நோயாகின்றன. அவற்றை உண்டு பாசி பெருகும். வெங்காயத் தாமரை படரும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி நீர்ப்பரப்பை மூடிவிட்டால் ஒளி உள்ளிறங்காது. மடிந்த இலையும் பாசியும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்து, விடியலில் செத்து மிதக்கும். குளிக்கத் தகுந்த நீரில் ஓர் இலிட்டருக்கு 5 மில்லிகிராம் உயிர்வளியாவது இருத்தல் வேண்டும் என்பது நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. சாக்கடையும் வெங்காயத் தாமரையும் புகுந்த தேனி மீறுசமுத்திரக் கண்மாய் போன்ற நீர்நிலைகள் ஊர்தோறும் உள்ளன. கொடிமுந்திரித் தோட்டங்களில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் மயில்துத்தக் கலவையின் செம்பும் இருக்கின்றது. அஃது அழுகி அழியாது; மண்ணில் தங்கி, மழையோடு கரைந்து குளத்தின் சேற்றில் சேரும்.

'உரிமைச் சிக்கல் தீராதபோது ஊர்க்குப்பையைக் கிளறுவது எதிரிக்கு வாய்ப்பாகாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. தன் வீட்டு நீரைத் தூய்மையாகக் காப்பவனின் உரிமைக்குரலே ஓங்கி ஒலிக்கும். 'இஃது அரசின் வேலையன்றோ?' என்பார் பிறர். அரசின் வேலையே. நீர்நிலையில் மாசு கலப்பதை 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் தடை செய்துள்ளது; உள்ளாட்சிகளும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் கேட்பாரற்ற சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. கேட்க வேண்டியவர் கரையில் வாழும் மக்கள்.

கேட்கும் மரபும் காக்கும் மரபும் தமிழருக்குப் புதியன அல்ல. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைக் காட்டுகின்றது. சாதி எல்லையும் உடைமை எல்லையும் கட்டிய அவ்வமைப்பின் குறையை நீக்கி, கண்காணிக்கும் முறையை மட்டும் கொள்ளலாம். அயல்நாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரையடுத்த வாசிங்டன் ஏரியில் கழிவுநீர் கலந்து பாசி மண்டியது. 1958-இல் மக்கள் வாக்களித்துப் பொது அமைப்பொன்றை நிறுவினர். 1968-க்குள் கழிவுநீர் முழுதும் வேறுவழி திருப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. கழிவை நிறுத்தினால் நீர் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு அவ்வேரி சான்று.

கம்பம் பள்ளத்தாக்கின் கரையோர ஊர்கள் உடனே செய்யத்தக்கவை சில உள்ளன. கண்மாயின் வரத்துக் கால்வாயில் சாக்கடை இறங்கும் இடங்களை ஊரார் நடந்து கணக்கெடுத்தல் வேண்டும். உடனே தடுக்க இயலாத இடத்தில், நாணலும் கோரையும் சம்பும் அடர்ந்த ஆழமில்லாப் பாத்தியின் வழியே கழிவைத் தேக்கி மெல்லக் கசியவிட்டால் அழுக்கின் ஒரு பகுதியேனும் குறையும். பூச்சிக்கொல்லிக் குப்பிகளையும் தெளிப்பான்களையும் கண்மாயில் கழுவுவதை ஊர்க்கட்டுப்பாடாகவே விலக்குதல் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. கறுப்பும் வெள்ளையும் தீட்டிய ஒரு சாண் அகலத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தாலே நீரின் தெளிவு விளங்கும். திங்கள்தோறும் அவ்வளவை ஊர்ப்பலகையில் எழுதுக. குறைந்தால் ஏனென்று ஊர் கேட்கட்டும். மார்ச்சு 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளையொட்டியும் கிராம சபை எனப்படும் ஊரவை தமிழ்நாட்டில் கூடுகின்றது. அவ்வவையில் அக்கணக்கைப் படித்து, தீர்மானமாக்கி, பொறுப்பான அலுவலரிடம் விடை பெறுதல் வேண்டும். 2017-இல் மீண்டும் வந்த குடிமராமத்தில் கண்மாய்கள் ஆழமாயின; ஆழமான கண்மாயில் சாக்கடை நிரம்பினால் பயன் யாது?

அணையின் மட்டம் எத்தனை அடி என்பது கம்பம் பள்ளத்தாக்கின் சிறுவர்க்கும் தெரியும். தம் ஊர்க் கண்மாயில் உயிர்வளி எவ்வளவு என்பதும் அவ்வாறே தெரிதல் வேண்டும். மலைக்கு அப்பால் உள்ள நீருக்காகக் குமுளிவரை நடந்த கால்கள், சொந்த ஊர்க் கரைவரை நடக்கத் தயங்கலாமா?