ரத்தத்திலும் அளக்க வேண்டும்
பட்டாசுத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள உலோகங்களை ஆண்டுதோறும் அளக்கத் தமிழக அரசு உத்தரவிட வேண்டும். ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்க 2017-இல் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 2018-இல் பேரியம் உப்புகளையும் தடுத்தது. 2023-இல் அந்தத் தடையைத் தளர்த்த மறுத்தது. தீபாவளியை ஒட்டி 14 நாள்கள் காற்றில் அலுமினியம், பேரியம், இரும்பை அளக்கவும் 2018 தீர்ப்பிலேயே சொன்னது. வெடிப்பவர் சுவாசிக்கும் காற்றுக்கு உள்ள இந்த அக்கறை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் சிவகாசி ஆலைகளுக்குச் சென்று வெடிமருந்து செலுத்தும் பெண்களுக்கும் உரியது. அளவீடு கண்துடைப்பாக நடக்கக் கூடாது. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தால், நகக்கண்ணில் ஒட்டிய மருந்துத் தூளே கணக்கைக் கெடுத்துவிடும். கையை நன்கு கழுவவைத்து, உலோகக் கலப்பில்லாத குழாயில் சிரையிலிருந்து எடுக்க வேண்டும். ஈயம் ரத்தத்தில் சில வாரங்களே இருக்கும், எலும்பிலோ பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகவே ஒரு முறை சோதித்துவிட்டு நிறுத்துவது பயன் தராது. தொழிலாளர்களின் குழந்தைகளையும் சேர்ப்பது கட்டாயம்: டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வந்தது என்று கண்டறிந்து அகற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர், அந்தப் பாசனத்தில் விளையும் உணவு, மலையடிவார மக்களின் ரத்தம் ஆகியவற்றையும் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். ஆலைகளுக்குத் தொலைவில் உள்ள அளவு தெரிந்தால்தான் அருகில் உள்ளது கூடுதலா என்று சொல்ல முடியும். பொறுப்பை விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைத்து, செலவை ஆலைகளிடம் வசூலித்து, முடிவை ஒவ்வொரு தொழிலாளியிடமும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.